ஐ.டி.யிலிருந்து நர்சிங்: 15 மாத ஏ.பி.எஸ்.என்-ஐ எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

வைகைக்கரை (டாலஸ்):
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். மதுரையில இ.சி.இ முடிச்சு, கொஞ்ச வருஷம் டெஸ்டிங்ல இருந்து, கல்யாணமாகி இங்க வந்தவ. எச்4ல இருக்கேன் (எச்1பி-ல வேலை பார்க்கிறவங்களோட துணைக்குக் கொடுக்கிற விசா), வேலை பார்க்கிறதுக்கான அனுமதி அட்டை இஏடி கையில இருக்கு. பையன் ஒண்ணாம் வகுப்பு.

ஆகஸ்ட்ல ஆரம்பிக்கிற ஏ.பி.எஸ்.என்-ல (வேற டிகிரி இருக்கிறவங்களுக்கான துரித நர்சிங் பட்டப்படிப்பு) இடம் கிடைச்சிருக்கு. 15 மாசம், நடுவுல லீவுன்னு பெருசா எதுவும் இல்ல. மார்க் 78க்குக் கீழ போனா அந்தப் பாடம் ஃபெயில். 77.9 வாங்கினாலும் 77.9தானாம். படிக்கிற காலத்துல வேலைக்குப் போக வேண்டாம்னு எழுத்துலயே கொடுத்துட்டாங்க.

ஆகஸ்டுக்குள்ள என்ன படிச்சு வைக்கலாம்? வாரக்கடைசியில மட்டும் வேலை பார்க்கிறது நடக்கிற காரியமா? அம்மாவை ஆறு மாசம் வரவழைக்கலாம்னு இருக்கோம், எப்ப வரச்சொல்றது? "இன்ஜினியரிங் படிச்சிட்டு நர்ஸா"ன்னு மாமனார் இழுத்துட்டிருக்கார். அதை நான் பார்த்துக்கிறேன், மத்ததுக்குப் பதில் சொல்லுங்க.

நைட்ஷிப்ட் நளினி (ஹூஸ்டன்):
வாழ்த்துகள் வைகை! நானும் இதே வழியில வந்தவதான். இப்ப டெலிமெட்ரி யூனிட் (இதயத்துடிப்பைக் கண்காணிக்கிற வார்டு), ராத்திரி ஷிப்ட். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல, புத்தகத்தை வாங்கி முதல் அத்தியாயத்துல இருந்து படிக்கிறேன்னு உக்காராதீங்க. ஆகஸ்ட் வர்றதுக்குள்ள மறந்துடும். மூணு விஷயம் மட்டும் கைக்கு வந்தாப் போதும். ஒண்ணு, இதயமும் சிறுநீரகமும் எப்படி வேலை செய்யுதுங்கிற உடலியல், அதோட சோடியம், பொட்டாசியம், கால்சியம். ரெண்டு, மருந்துப் பேர்களோட வால். "-ஒலால்"னு முடிஞ்சா நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கணும், "-பிரில்"னு முடிஞ்சா வறட்டு இருமல், பொட்டாசியம் ஏறுதான்னு பார்க்கணும். மூணாவது, மருந்துக் கணக்கு.

அதுக்கும் முன்னாடி, இன்னைக்கே போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்க. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி எல்லாத்துக்கும் எதிர்ப்புசக்தி இருக்கான்னு டைட்டர் கேப்பாங்க. ஹெபடைடிஸ் பி இல்லேன்னு வந்தா, மூணு டோஸ் போடுற ஊசிக்கு ஆறு மாசம் ஆகும். அந்தத் தாள் இல்லாம கிளினிக்கலுக்குள்ள, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குள்ள, விடமாட்டாங்க. பாடத்துல நல்லாப் படிச்சும் இதுல மாட்டிக்கிட்டு ஓடின பிள்ளைங்களை எங்க பேட்ச்லயே பார்த்திருக்கேன்.

அடுத்தது பரீட்சை. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இங்கதான் இடிக்கும். நாம உருப்போட்டே மார்க் வாங்கிப் பழகின கூட்டம். இங்க நாலு விடையும் சரியாத்தான் இருக்கும், "முதல்ல எது"ன்னுதான் கேப்பான். ஒரு மாதிரிக் கேள்வி சொல்றேன். நாலு நோயாளி, யாரை முதல்ல போய்ப் பார்ப்பீங்க? சி.ஓ.பி.டி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்கு ஆக்சிஜன் அளவு 90%. சர்க்கரை நோயாளிக்கு 210. முட்டி ஆபரேஷன் ஆனவருக்கு வலி பத்துக்கு ஏழு. தைராய்டு ஆபரேஷன் முடிஞ்சு வந்த அம்மா, உதட்டைச் சுத்தி ஊசி குத்துற மாதிரி இருக்குங்கறாங்க.

படிக்கிறவங்கள்ல நாலைஞ்சு பேர் அந்த 90% ஆள்கிட்டதான் பாய்வாங்க. மூச்சுதானே முதல்ல! ஆனா சி.ஓ.பி.டி-காரருக்கு 88ல இருந்து 92 வரை எதிர்பார்த்ததுதான். தைராய்டு எடுக்கும்போது பக்கத்துல இருக்கிற பாராதைராய்டு அடிபட்டிருந்தா கால்சியம் இறங்கும், உதட்டுல முதல்ல தெரியும், விட்டா குரல்வளை இறுகி மூச்சுப்பாதையே அடைக்கும். அதனால அந்த அம்மாதான் முதல்ல. இதுல கால்சியத்தோட நார்மல் அளவை மனப்பாடம் பண்ணி வச்சவளும் தப்பா எழுதுவா. எது எதிர்பார்த்தது, எது புதுசு, எது உயிருக்கு ஆபத்துன்னு பார்க்கிற கண்ணு வரணும். அந்தக் கண்ணு கேள்வி போட்டுப் பார்த்தாத்தான் வரும். தினம் 30, 40 கேள்வி. சரியாப் போட்டதுக்கும் விளக்கத்தைப் படிங்க, குருட்டாம்போக்குல போட்டதும் அதுல இருக்கும்.

கணக்குப்பிள்ளை (கொலம்பஸ்):
நளினி அக்கா சொன்ன மருந்துக் கணக்குல நான் ஒண்ணு சேர்த்துக்கிறேன். இப்ப மூணாவது செமஸ்டர்ல இருக்கேன், முன்னாடி டேட்டா அனலிஸ்ட். எங்க காலேஜ்ல ஒவ்வொரு செமஸ்டரும் கணக்குப் பரீட்சையில 90% வாங்கலேன்னா வார்டுல மருந்து தொட விடமாட்டாங்க. சில இடத்துல நூத்துக்கு நூறு.

இன்ஜினியர்களுக்கு இது சுண்டக்காய்னு நினைப்போம். கணக்கு சின்னதுதான், கைப்பழக்கம்தான் காலை வாரி விடும். ஒரு உதாரணம். நோயாளி எடை 176 பவுண்டு. ஹெப்பாரின் கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். பையில 250 மி.லி-ல 25,000 யூனிட். பம்ப்ல எவ்வளவு வைக்கணும்?

176ஐ 2.2ஆல வகுத்தா 80 கிலோ. 18ஐ 80ஆல பெருக்கினா மணிக்கு 1,440 யூனிட். 25,000ஐ 250ஆல வகுத்தா ஒரு மி.லி-ல 100 யூனிட். ஆக மணிக்கு 14.4 மி.லி. அவ்வளவுதான். ஆனா பவுண்டைக் கிலோவாக்க மறந்து 176ஐ அப்படியே பெருக்கினா 31.7 வரும். ரெண்டு மடங்குக்கு மேல! ரத்தம் உறையாம இருக்கிறதுக்கான மருந்து அது. விடை வந்ததும் "இது ஒரு மனுஷ உடம்புக்குள்ள போற அளவா இருக்கா"ன்னு ஒருதரம் பாருங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல .5ன்னு எழுதிப் பழகியிருப்போம். இங்க 0.5ன்னுதான் எழுதணும். 5.0ன்னு எழுதக்கூடாது, வெறும் 5. புள்ளி கண்ணுக்குத் தெரியலேன்னா 50 ஆயிடும். யூனிட்ங்கறதை முதலெழுத்து மட்டும் போட்டுச் சுருக்கக்கூடாது, அவசரத்துல பார்த்தா பூஜ்ஜியம் மாதிரித் தெரியும். பரீட்சையில இதுக்கெல்லாம் மார்க் போகும்.

பெருங்காயம் (ஷார்லட்):
எல்லாரும் படிப்பைப் பத்தியே பேசறீங்க. ரெண்டு குழந்தைங்களை வச்சுக்கிட்டு முடிச்சவ நான். படிப்பு பாதிதான், மீதி வீடு.

கிளினிக்கல் நாள்ல காலை ஆறே காலுக்கு, ஆறரைக்கு ஆஸ்பத்திரியில நிக்கணும். பள்ளிக்கூடம் அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் திறக்கும். அந்த இடைவெளி யாரோடது? "நான் ஹெல்ப் பண்றேன்மா"ன்னு வீட்டுக்காரர் சொல்றது காணாது. வாரத்துல இந்த ரெண்டு நாள் காலை முழுக்க உன் பொறுப்பு, டிபன் பாக்ஸ் முதல் காய்ச்சல் வந்தா லீவு போடுறது வரைக்கும்னு இப்பவே பேசி முடிச்சிடுங்க. அவர் ஆபீஸ்லயும் சொல்லி வைக்கட்டும். கிளினிக்கலுக்கு ஒரு நாள் போகலேன்னா ஈடு செய்யச் சொல்வாங்க, ரெண்டு நாள்னா பாடமே போற இடமும் உண்டு. வெறும் வகுப்பு மாதிரி நோட்ஸ் வாங்கி ஒப்பேத்த முடியாது.

அம்மா விஷயம். எல்லாரும் செய்யற மாதிரி முதல் நாளே வரவழைச்சுடாதீங்க! ஆரம்பத்துல நாடி பார்க்கிறது, கட்டில்ல திருப்பிப் படுக்க வைக்கிறதுன்னு அடிப்படைதான் போகும், மூச்சு விட நேரம் இருக்கும். நெருக்கறது மெட்-சர்ஜ் (பெரியவங்களோட நோய், அறுவை சிகிச்சைப் பாடம்) வர்றப்பதான். அதோட பிரசவம், குழந்தைகள் பிரிவு சேர்ந்து வந்தா அவ்வளவுதான். விசிட்டர் விசாவுல வழக்கமா ஆறு மாசம்தான் கொடுக்கறாங்க. அதை உங்க பாட அட்டவணையோட பொருத்திப் பார்த்து டிக்கெட் போடுங்க. எங்க வீட்ல அம்மா போனதும் மாமியார் வந்தாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஆள் இல்லாம ஒரு வாரம் விழுந்தது பாருங்க, அந்த வாரந்தான் ரெண்டு பரீட்சை.

அம்மாவுக்கு இங்க வண்டி ஓட்டத் தெரியாது, பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்தா இங்கிலீஷ்ல பேச மாட்டாங்கங்கறதையும் கணக்குல எடுத்துக்கங்க. பக்கத்து வீட்டுல ஒருத்தர் பேரையாவது பள்ளியில கொடுத்து வைங்க.

திண்ணைவாசி (பீனிக்ஸ்):
ஒரு மாற்றுக் கருத்து. எதற்கு இந்த ஓட்டம்? தனியார் கல்லூரிகள் பலவற்றில் இந்தப் படிப்புக்கு அறுபதாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட நர்சிங் டிகிரியான ஏ.டி.என்-க்கு அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். கடைசியில் இருவரும் எழுதுவது நர்ஸ் லைசென்ஸுக்கான அதே என்கிளெக்ஸ்-ஆர்.என் தேர்வு. வாங்குவது அதே லைசென்ஸ். வேலையில் சேர்ந்தபின் ஆஸ்பத்திரி காசில் ஆன்லைனில் பி.எஸ்.என் (நர்சிங் இளங்கலைப் பட்டம்) முடித்துக்கொள்ளலாம். என் மனைவி அப்படித்தான் செய்தாள். ஏற்கெனவே டிகிரி வைத்திருப்பவர்களுக்கான துரிதப் படிப்பை 1971இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அது நல்ல யோசனை. இன்று அதை வியாபாரம் ஆக்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

நைட்ஷிப்ட் நளினி (ஹூஸ்டன்):
திண்ணைவாசி சார், பாதி ஒத்துக்கிறேன். ஏ.டி.என் மட்டமானது இல்ல. என் யூனிட்ல கைதேர்ந்த நர்ஸ் ஒருத்தர் ஏ.டி.என்தான், நானே அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். ஆனா பெரிய நகரத்துல மேக்னட்ங்கற நர்சிங் தர அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரிங்க புதுசா எடுக்கும்போது பி.எஸ்.என் கேக்குறாங்க. நியூயார்க்ல 2017 டிசம்பர்ல சட்டமே போட்டுட்டாங்க, லைசென்ஸ் வாங்கி பத்து வருஷத்துக்குள்ள நர்சிங்ல பி.எஸ்.என் முடிக்கணும்னு. கம்யூனிட்டி காலேஜ் சிலதுல இடத்துக்கே காத்திருக்கணும். வைகைக்கு இடம் கைக்கு வந்தாச்சு. ஆனா மத்தவங்க சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு பாருங்க. நர்சிங் படிப்புகளோட தரத்தைப் பார்க்கிற சி.சி.என்.இ அல்லது ஏ.சி.இ.என் அங்கீகாரம் இருக்கா? முதல் தடவை என்கிளெக்ஸ் எழுதி எத்தனை சதவீதம் பாஸ்? ரெண்டாவதை மாநில நர்சிங் போர்டே இணையத்துல போடும். விளம்பரத்தை நம்பாதீங்க.

விசா வாத்தியார் (சான் ஹோசே):
பணம் பற்றிப் பேச்சு வந்ததால் இது. எச்4இல் படிக்கலாம், தடையில்லை. ஆனால் மத்திய அரசின் கல்விக் கடன் கிடையாது, கிரீன் கார்டு வந்தவர்களுக்குத்தான். அவர்களுக்கும் ஏற்கெனவே டிகிரி இருப்பதால் திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் மானியம் கிடைக்காது, கடன் மட்டுமே.

வேலை விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். வார்டு நர்ஸ் வேலைக்குப் பொதுவாக எச்1பி வாங்க முடியாது, இரண்டு வருட டிகிரியே அந்த வேலைக்குப் போதும் என்பதால். ஆகவே எச்4இல் இருப்பவர்களுக்கு வேலைக்கான ஆதாரம் இஏடிதான். அது 2015 முதல் இருக்கிற விதி, பொதுவாகத் துணைவரின் ஐ-140 (முதலாளி போடும் கிரீன் கார்டு மனு) அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். படிப்பு முடியும் தேதியையும் இஏடி காலாவதித் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நர்ஸ்கள் ஷெட்யூல் ஏ (ஆள் பற்றாக்குறை என்று அரசே ஏற்ற வேலைகள்) பட்டியலில் இருப்பதால் ஆஸ்பத்திரி தனியாக கிரீன் கார்டுக்குப் போடும்போது, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டும் பெர்ம் கட்டம் இல்லை. ஆனால் இந்தியர்களுக்கான வரிசை குறையாது, அது இருக்கவே இருக்கிறது.

ஸ்காபரோ பெடியன்:
நான் டொரன்டோவில ரெண்டு வருச பி.எஸ்.சி.என் (நேர்ஸிங் டிகிரி) முடிச்சனான், முதல் டிகிரி உயிரியல். எங்களுக்கும் 2015ல இருந்து இதே என்கிளெக்ஸ்தான், அதால நீங்கள் கதைக்கிறது எல்லாம் விளங்குது.

கிளினிக்கலைப் பற்றி ஒருத்தரும் சரியாச் சொல்லேல்ல எண்டு நினைக்கிறன். முதல் கிழமை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நேர்ஸிங் ஸ்டேஷனில கொம்பியூட்டரைப் பாத்துக்கொண்டு நிப்பினம். அப்பிடி நிக்காதேங்கோ. நேரா நோயாளியளைப் பராமரிக்கிற உதவியாளரான பி.எஸ்.டபிள்யூ மாரிட்டப் போங்கோ, அங்க அமெரிக்காவில சி.என்.ஏ எண்டு சொல்லுவினம். குளிப்பாட்டப் போறியளோ, நானும் வாறன் எண்டு கேளுங்கோ. ஒரு ஆளைக் கட்டில்ல பக்கவாட்டில திருப்பேக்கதான் முதுகடியில தோல் சிவந்திருக்கிறது தெரியும். விரலால அமத்திப் பாத்தா வெளுக்குதோ, சிவப்பாவே நிக்குதோ? வெளுக்காட்டி அது படுக்கைப்புண்ணின்ர முதல் கட்டம். புத்தகத்தில நாலு பக்கம் படிச்சது அந்த ஒரு நிமிசத்தில விளங்கும். மலசலம் அள்ள அருவருப்பா இருக்குமோ எண்டு யோசிக்கிறவைக்கு: ரெண்டாம் நாளே போயிடும், உண்மையா.

இன்னொண்டு. எங்கட தமிழ் அப்பா அம்மாமாரிட்ட "வலி பத்துக்கு எத்தினை" எண்டு கேட்டா "ஒண்டுமில்லைப் பிள்ளை" எண்டுதான் சொல்லுவினம். பூச்சியம் எண்டு பதிஞ்சுபோட்டு வந்திடாதேங்கோ. "இரவு நித்திரை கொண்டனீங்களோ? எழும்பி நடக்கேக்க எங்க பிடிக்குது?" எண்டு கேளுங்கோ, அப்பதான் கதை வரும். பாஷை தெரியிறதால மற்றவை எங்களைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லுவினம். சாப்பாடு, தண்ணி எண்டால் பரவாயில்லை. ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வாங்கிற கதையெண்டால் மாணவர் செய்யக்கூடாது, ஆஸ்பத்திரியின்ர மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கோ.

எடிசன்வாசி:
நான் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. பி.காம் சென்னையில். எங்கிருந்து தொடங்குவது? என் நாத்தனார் கோயம்புத்தூரில் பி.எஸ்.சி நர்சிங் முடித்தவர், அவரும் இதைப் படிக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை (கொலம்பஸ்):
எடிசன்வாசி, முதல்ல உங்க டிகிரியை டபிள்யூ.இ.எஸ் மாதிரி ஒரு இடத்துல பாடவாரியா மதிப்பீடு பண்ண அனுப்புங்க. மார்க்ஷீட் பல்கலைக்கழகத்துல இருந்தே சீல் வச்சு வரணும், அதுக்குத்தான் மாசக்கணக்குல இழுக்கும். ஊர்ல யாராவது நேர்ல போய் நிக்கிறாங்களான்னு பாருங்க. அப்புறம் முன்தேவைப் பாடங்கள்: உடற்கூறு-உடலியல் ரெண்டு பாகம் லேபோட, நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், மனித வளர்ச்சி, பல இடத்துல ஊட்டச்சத்தும். பி.காம்ல படிச்ச புள்ளியியலை ஏத்துக்கிட்டா லாபம். அறிவியல் பாடம் அஞ்சு இல்ல ஏழு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா பல காலேஜ் ஏத்துக்காது. அதனால எந்தக் காலேஜ்னு முடிவு பண்ணிட்டுத்தான் கம்யூனிட்டி காலேஜ்ல பாடம் எடுக்கணும். நுழைவுப் பரீட்சை டீஸா (TEAS) ஹெசியா (HESI)ங்கறதும் காலேஜைப் பொறுத்தது.

உங்க நாத்தனாருக்கு இது வேண்டவே வேண்டாம். சி.ஜி.எஃப்.என்.எஸ் (2025ல இருந்து பேர் ட்ரூமெரிட்) மாதிரி இடத்துல சான்று மதிப்பீடு, போர்டு கேட்டா இங்கிலீஷ் பரீட்சை, நேரா என்கிளெக்ஸ். சென்னையிலயே எழுதலாம்.

வைகைக்கரை (டாலஸ்):
இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல! வேலை விஷயத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லலையே.

பெருங்காயம் (ஷார்லட்):
போகாதீங்க. குழந்தை, படிப்பு, வேலை மூணும் சேர்ந்தா தூக்கம்தான் முதல்ல போகும். 78 எடுக்கிற பரீட்சையில தூக்கமில்லாம உக்காந்தா 75 வரும்.

நைட்ஷிப்ட் நளினி (ஹூஸ்டன்):
இதுல நான் கொஞ்சம் மாறுபடுறேன். ஐ.டி வேலையைப் பகுதிநேரமா இழுத்துட்டிருக்கறது வீண். ஆனா முதல் செமஸ்டர் முடிஞ்சதும் ஆஸ்பத்திரியில பேஷன்ட் கேர் டெக்னீஷியனா, மாசத்துக்கு ரெண்டு மூணு ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கிக்கலாம். சம்பளம் கைக்காசு அளவுதான். ஆனா யூனிட் மேனேஜர் உங்க வேலையை நேர்ல பார்ப்பார். படிப்பு முடிஞ்சு புது நர்ஸ்களுக்கான ரெசிடென்சிங்கற பயிற்சி வேலைக்கு நூறு பேர் போட்டி போடும்போது தெரிஞ்ச முகம்னு ஒரு பலம். உங்களுக்கு இஏடி இருக்கிறதால இது சரி, இல்லாதவங்க இதுல கை வைக்காதீங்க. மெட்-சர்ஜ்ல மார்க் ஆடுச்சுன்னா உடனே நிறுத்திடணும், அதுல பெருங்காயம் சொல்றதுதான் சரி.

அப்புறம் என்கிளெக்ஸ். 2023 ஏப்ரல்ல இருந்து புது முறை. குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150, அஞ்சு மணி நேரம். ஒரே நோயாளியோட குறிப்பைக் கொடுத்து அடுத்தடுத்து ஆறு கேள்வி கேக்குற மாதிரி மூணு கேஸ் வரும். பொருந்துறதெல்லாம் தேர்ந்தெடுன்னு வர்ற கேள்வியில இப்ப பாதி மார்க்கும் உண்டு, முன்னாடி மாதிரி ஒண்ணு விட்டா மொத்தமும் போகாது. ஆனா தப்பைத் தொட்டா கழிப்பாங்க. கம்ப்யூட்டர் 85 கேள்வியிலயே நிறுத்திட்டா பாஸ்னும் இல்ல, ஃபெயில்னும் இல்ல. படிப்பு முடிஞ்சதும் ஊருக்குப் போய்ட்டு வந்து எழுதுறேன்னு தள்ளாதீங்க, சூடு ஆறதுக்குள்ள எழுதிடுங்க. டெக்ஸாஸ் லைசென்ஸ் காம்பாக்ட்ல (ஒரு மாநில லைசென்ஸை மத்த மாநிலமும் ஏத்துக்கிற ஒப்பந்தம்) இருக்கு, நாளைக்கு வேற காம்பாக்ட் மாநிலத்துக்கு மாறினாலும் அதை வச்சு வேலை தொடங்கிடலாம். கலிபோர்னியா அதுல இல்ல.

வைகைக்கரை (டாலஸ்):
சரி, பழைய வேலைக்கு முழுக்கு. அம்மாவுக்கு ஜனவரியில டிக்கெட், எனக்கு மெட்-சர்ஜ் அப்பதான் ஆரம்பம். காலை நேரம் அவர் பொறுப்புன்னு நேத்து பேசியாச்சு, காலண்டர்ல அவரே போட்டுக்கிட்டார். இஏடி தேதியையும் பார்த்தேன், புதுப்பிக்கிறது படிப்புக்கு நடுவுலதான் விழுது, குறிச்சு வச்சுட்டேன்.

ஒரு சின்னக் கேள்வி. டி.பி-க்குக் கையில ஊசி போட்டுப் பார்ப்பாங்களாமே. எனக்குச் சின்ன வயசுல பி.சி.ஜி போட்டிருக்கு, தோள்ல தழும்பே இருக்கு. தடிச்சு வந்தா என்ன செய்றது?

நைட்ஷிப்ட் நளினி (ஹூஸ்டன்):
தோல் ஊசியே வேண்டாம்னு சொல்லுங்க. பி.சி.ஜி போட்டவங்களுக்குச் சும்மாவே தடிக்கலாம், அப்புறம் எக்ஸ்ரே எடு, டாக்டர் கடிதம் கொண்டான்னு அலைய விடுவாங்க. குவான்டிஃபெரான்னு ரத்தப் பரிசோதனை இருக்கு, அதுல பி.சி.ஜி குறுக்கிடாது. காலேஜ் ஏத்துக்குமான்னு ஒரு மெயில் போட்டுக் கேட்டுட்டு அதையே எடுத்துக்கங்க. தட்டம்மை ஊசி போட வேண்டி வந்தா, அதுக்கு முன்னாடியோ அதே நாள்லயோ இந்த ரத்தத்தைக் கொடுத்துடணும். இல்லேன்னா நாலு வாரம் காத்திருக்கச் சொல்வாங்க.

கணக்குப்பிள்ளை (கொலம்பஸ்):
ஷூவும் இப்பவே வாங்கி வீட்டுக்குள்ள போட்டு நடங்க. 12 மணி நேரம் நிக்கிற அன்னைக்குப் புது ஷூவைப் போட்டுக்கிட்டுப் போகாதீங்க. சில காலேஜ்ல வெள்ளைதான் போடணும்பாங்க, வாங்குறதுக்கு முன்னாடி யூனிஃபார்ம் விதியைப் படிச்சிடுங்க.